கூடாரத்தைச் சுற்றி ஒரு கான்

இறக்கக்கண்டிப் பாலம் கழிந்து
வலப்பக்கம் திரும்பும் மணல் ஒழுங்கை.
கந்தோர்ச் சிநேகிதி இரவல் தந்த கூடாரம்.
நாலு பேர் படுக்கலாம் என்று
பையில் எழுதிக் கிடக்கிறது,
எந்த ஊர் நாலு பேரோ.

"கச்சான் அடிக்குது, பிடியுங்கோ அந்த நுனியை"
என்று நான் கத்த
மிதுசா கையை நீட்டினாள்: "எனக்கும்."
மூன்று வயதில் கச்சான் என்றால்
வறுத்த கடலை மட்டும்தான்.
காற்று அவள் உள்ளங்கையில்
கொஞ்சம் மணலை வைத்துவிட்டுப் போனது.
வாயில் போட்டுப் பார்த்துத் துப்பி,
"உப்புக் கூட" என்றாள்.

முளை ஒன்றும் நிற்கவில்லை.
ஆரூரன் செய்முறைத் தாளைத் தலைகீழாகப் பிடித்து
உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான்.
சதீபன் தாளைப் பார்க்கவேயில்லை.
உரப்பையில் மணல் நிரப்பிப் புதைத்தார்.
கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு,
இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு.
பன்னிரண்டு வருடம் கூட இருக்கிறேன்.
சப்பாத்து நூலே ஒழுங்காகக் கட்டத் தெரியாத மனுசன்.

பிறகு, ஒருவரும் சொல்லாமலே,
பிள்ளைகளின் பிளாஸ்ரிக் மண்வெட்டியை வாங்கி
கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டத் தொடங்கினார்.
ஒரு சாண் ஆழம்.
கடல் பக்கம் சரிவு.

"ஏன் அப்பா இது?"
"வெள்ளம் வந்தா உள்ள வராது."
ஆரூரன் அண்ணாந்து பார்த்தான்.
ஆவணி மாதம். வெளுத்துப்போன வானம்.
மூன்று மாதமாக ஒரு துளி இல்லை.
"எந்த வெள்ளம்?"

சதீபனின் கை நின்றது.
அந்தச் சிவப்பு மண்வெட்டியை
ஆரோ தந்துவிட்டுப் போனதுபோலப் பார்த்தார்.

எந்த வெள்ளம் என்று எனக்குத் தெரியும்.
ஒன்பது வயது, இரண்டு மாரி, நீலத் தரப்பாள்.
கலியாணமான வருசம், மழை இரவொன்றில்
ஒரே ஒருமுறை சொன்னது.
அதனால்தான் எங்கள் வீட்டில்
முகாம் என்ற சொல் இல்லை.
பிள்ளைகளுக்குக் காம்பிங் என்றே பழக்கியிருக்கிறோம்.
காம்பிங் போறம், காம்பிங் போறம் என்று
வாகனத்தில் ஏறின நேரம் தொட்டு ஒரே கூத்து.

"வெள்ளம் வராட்டி நாங்க கொண்டு வருவம்"
என்றான் ஆரூரன், வாளியைத் தூக்கிக்கொண்டு.

எத்தனை வாளி! எண்ணுவதை விட்டேன்.
ஊற்ற ஊற்ற மணல் குடித்தது.
குடித்து மிச்சம் விட்ட கொஞ்சத்தில்
ஒரு நண்டு, நகத்தளவு.
மிதுசா அதற்குப் பிஸ்கற் நனைத்து வைத்தாள்.
நாங்கள் பாணும் சம்பலும் மண் கடிபடத் தின்றோம்.

இரவு, தூரத்தே மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சம்.
நுளம்புத்திரி காற்றில் இரண்டு தரம் அணைந்தது.
எல்லோரும் அடங்கின பிறகு
"அம்மா, ஒண்டுக்கு."
சிப்பைத் திறந்து வெளியே வந்தால்
என் கால் நேரே கானுக்குள்.
தூக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்த மனுசன்
இருட்டுக்குள் சிரித்தார்.
நான் இன்னும் மோசமாகச் சிரித்தேன்.
பிள்ளை அவசரம் தாங்காமல் அழுதாள்.

விடியப் பார்த்தால் கான் இல்லை.
கச்சான் தூர்த்துவிட்டது.
நண்டும் இல்லை. பிஸ்கற் துண்டு மட்டும்,
எறும்பு மொய்த்தபடி.
மிதுசா உதட்டைப் பிதுக்க முதலே
சதீபன் மண்வெட்டியோடு குந்தினார்.

"திரும்ப வெட்டுவம், வா.
நீ சொல்லு, சரிவு எந்தப் பக்கம்?"

அவள் கடலைப் பார்த்தாள்.
கூடாரத்தைப் பார்த்தாள்.
நண்டுக்கு எங்கே படுக்கை போடுவதென்று
கொஞ்சநேரம் யோசித்தாள்.

"உள்ளுக்கு" என்றாள்.

அவர் உள்ளுக்கு வெட்டினார்.